உதிர்ந்த உயிரணுக்களைப் படித்தவர்

சுங்கை பெசார் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிற்குச் சென்று வந்தவர்களுக்கு அந்தச் சிறிய மூடி போட்ட குவளை நன்கு பழக்கமானது. தாதி அதில் பெயரை ஒட்டிக் கொடுப்பார். நாம் சிறுநீரைப் பிடித்துத் திருப்பிக் கொடுப்போம். அதில் சர்க்கரை இருக்கிறதா, புரதம் இருக்கிறதா, கிருமித் தொற்று உண்டா என்பதைத்தான் பெரும்பாலும் பார்ப்பார்கள். அரிதாக, மருத்துவர் வேறொன்றையும் கேட்பார். சிறுநீரில் மிதக்கும் உயிரணுக்களை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லுமாறு பெரிய மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்திற்கு எழுதி அனுப்புவார். சிறுநீர்ப்பையில் புற்றுநோய் இருக்கலாம் என்ற ஐயம் எழும்போது இப்படிக் கேட்பார்கள். நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவரின் சிறுநீரில் இரத்தம் தென்பட்டாலும் கேட்பதுண்டு.

உடல் தானாக உதிர்த்துவிடும் உயிரணுக்களைப் பார்த்தே உள்ளிருக்கும் நோயைக் கண்டுகொள்ளலாம் என்று மருத்துவ உலகத்தை நம்பவைத்தவர் ஜார்ஜ் பாப்பனிக்கோலாவ். பெண்களுக்குச் செய்யப்படும் பேப் ஸ்மியர் சோதனையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் உள்ள பேப் என்னும் சொல் இவருடைய நீண்ட பெயரின் தொடக்கமே. அந்த ஒரு சோதனையோடு இவர் பெயர் ஒட்டிக்கொண்டதால், சிறுநீரை ஆராய்ந்ததிலும் இவருக்குப் பெரும் பங்குண்டு என்பது பலருக்குத் தெரியாமல் போய்விட்டது.

இவர் 1883ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் கிரேக்க நாட்டின் எவியா தீவிலுள்ள கிமி என்னும் கடலோரச் சிற்றூரில் பிறந்தார். தந்தை நிக்கோலாஸ் அவ்வூர் மருத்துவர். மகனும் மருத்துவம் படித்து ஊரிலேயே தமக்குத் துணையாக இருக்க வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகன் படித்தார், 1904ஆம் ஆண்டு ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டமும் பெற்றார். ஆனால், நோயாளிகளைப் பார்த்து மருந்து எழுதிக் கொடுப்பதில் அவர் மனம் நிலைக்கவில்லை. உயிர்கள் எப்படி உருவாகின்றன, ஆணும் பெண்ணும் எப்படி முடிவாகின்றன போன்ற கேள்விகளே அவரை இழுத்தன. தந்தைக்கு இதில் வருத்தந்தான். இருந்தும் 1907ஆம் ஆண்டு மகனை ஜெர்மனிக்கு அனுப்பி வைத்தார்.

அங்கு மியூனிக் நகரில் 1910ஆம் ஆண்டு அவர் விலங்கியலில் முனைவர் பட்டம் பெற்றார். அவர் ஆராய்ந்தது நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிரை. மிகச் சிறிய, கண்ணாடிபோல் ஊடுருவிப் பார்க்கக்கூடிய உடலைக் கொண்டது அது. நம் வட்டாரத்து நெல்வயல் நீரிலும் அதன் உறவினங்கள் துள்ளிக்கொண்டிருக்கின்றன. நாள்தோறும் மணிக்கணக்கில் நுண்ணோக்கியின்மேல் குனிந்திருக்கும் பழக்கம் அவருக்கு அங்குதான் ஊறியது.

நாடு திரும்பும் கப்பற்பயணத்தில் அந்திரோமாக்கி என்ற பெண்ணைச் சந்தித்தார். இராணுவ அதிகாரியின் மகள். பிரெஞ்சு மொழியும் இசையும் அறிந்தவர். அதே ஆண்டில் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். எல்லாரும் அவரை மேரி என்று அழைத்தனர். இந்த வரலாற்றில் மேரிக்குப் பெரிய இடம் உண்டு. சற்று நேரத்தில் அதற்கு வருவோம்.

மொனாக்கோ கடலாய்வு நிலையத்தில் சிறிது காலம் பணியாற்றிய பின், 1912ஆம் ஆண்டு பால்கன் போர் மூண்டது. கிரேக்கப் படையின் மருத்துவப் பிரிவில் அவர் சேர்ந்தார். அமெரிக்காவில் குடியேறியிருந்த கிரேக்கர்கள் பலர் தாய்நாட்டுக்காகப் போரிடத் திரும்பி வந்திருந்தனர். ஆய்வு செய்ய விரும்புபவனுக்கு அமெரிக்காவில் வாய்ப்புண்டு என்ற எண்ணம் அவர்களோடு பழகியதில்தான் அவருக்குப் பிறந்தது. போர் முடிந்ததும் கணவனும் மனைவியும் கப்பலேறினர். 1913ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியபோது அவர்களிடம் இருந்த பணம், குடியேறிகள் காட்டவேண்டிய 250 டாலரைத் தாண்டவில்லை. ஆங்கிலமும் தெரியாது, தெரிந்தவர் எவரும் இல்லை.

சஞ்சிக்கூலியாகப் பினாங்குத் துறைமுகத்தில் இறங்கிய நம் முன்னோரின் நிலையோடு இதை அப்படியே ஒப்பிட முடியாது. இவரிடம் இரண்டு பட்டங்கள் இருந்தன. ஆனால், புது நாட்டில் அந்தப் பட்டங்களை யாரும் கேட்கவில்லை. கிம்பல்ஸ் என்ற பெரிய பல்பொருள் கடையில் கம்பளம் விற்கும் வேலைக்குச் சேர்ந்தார். ஒரே நாளில் விலகினார். மேரி அதே கடையில் வாரத்திற்கு 5 டாலருக்குப் பொத்தான் தைத்தார். பிறகு அவர் ஒரு கிரேக்க மொழி நாளிதழ் அலுவலகத்தில் எழுத்தர் ஆனார். அவருடைய நீர்த்தெள்ளு ஆய்வைப் படித்திருந்த தாமஸ் ஹன்ட் மார்கன் என்ற புகழ்பெற்ற உயிரியல் அறிஞரைத் தேடிச் சென்றது அவருக்கு வழியைத் திறந்தது. மார்கனின் பரிந்துரையால் 1914ஆம் ஆண்டு நியூயார்க் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. விரைவிலேயே கார்னெல் மருத்துவக் கல்லூரியில் சார்ல்ஸ் ஸ்டாக்கார்டு என்ற பேராசிரியரின் ஆய்வகத்திற்கு மாறினார். மேரியும் அங்கேயே அவருடைய உதவியாளர் ஆனார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவர்கள் அந்த நிறுவனத்தை விட்டு நகரவில்லை.

ஆய்வகத்தில் அவருக்குக் கொடுக்கப்பட்டவை கினிப்பன்றிகள். அவற்றின் கருமுட்டை முதிரும் நேரத்தை அறிய வேண்டியிருந்தது. அதை அறிய அக்காலத்தில் விலங்கைக் கொல்வதுதான் வழி. ஒவ்வொரு முறையும் ஒரு விலங்கு வீணாகும். பெரும்பாலும் நேரமும் தவறிப்போகும். உயிரோடு இருக்கும் விலங்கிலேயே இதை அறிய முடியாதா என்று அவர் யோசித்தார். பெண் விலங்கின் பிறப்புறுப்புப் பாதையிலிருந்து உயிரணுக்கள் ஓயாமல் உதிர்கின்றன. மூக்கின் உட்புறத்தைப் பார்க்கும் சிறு கருவியின் உதவியால் ஒரு துளி நீரை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்த்தார். நாளுக்கு நாள் உயிரணுக்களின் வடிவம் மாறுவதைக் கண்டார். விலங்கைத் தொந்தரவு செய்யாமலே அதன் உடலுக்குள் நடப்பதைத் துளி நீர் சொல்லிவிட்டது. 1917ஆம் ஆண்டு ஸ்டாக்கார்டும் அவரும் இதைக் கட்டுரையாக வெளியிட்டனர்.

மனிதரிடத்தும் இப்படி இருக்குமா? இதை அறியத் தொடர்ச்சியாக மாதிரி தரும் ஒருவர் தேவைப்பட்டார். மேரி முன்வந்தார். ஒரு நாள், ஒரு வாரம் என்ற கணக்கில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் மாதிரி கொடுத்துவந்தார். பகலெல்லாம் ஆய்வகத்தில் உதவியாளர். வீட்டில் குடும்பத் தலைவி. இதற்கிடையே ஆய்வுக்கு உட்பட்டவரும் அவரே. ஆய்வுக்காகவே குழந்தை வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்திருந்தனர். அறிவியல் வரலாறுகளில் இத்தகைய பெண்களுக்கு ஒரு வரி ஒதுக்கிவிட்டு நகர்ந்துவிடுவதே வழக்கம். உண்மையில், நலமாக உள்ள ஒருவரின் உயிரணுக்கள் ஒவ்வொரு நாளும் எப்படி இருக்கும் என்ற அறிவு பெரிதும் மேரியிடமிருந்து வந்தது. நோயுற்ற உயிரணு வந்து நின்றபோது அதைப் பாப்பனிக்கோலாவின் கண் உடனே பிரித்தறிந்ததற்கு அந்த அறிவே காரணம்.

1920களில் மருத்துவமனைப் பெண்களின் மாதிரிகளையும் அவர் பார்க்கத் தொடங்கினார். ஒரு நாள், கருப்பை வாயில் புற்றுநோய் இருந்த ஒரு பெண்ணின் தகட்டில், கருவுள் பெருத்து, உருக்குலைந்து, ஒன்றோடொன்று ஒவ்வாத உயிரணுக்களைக் கண்டார். உயிரணுவின் நடுவே உள்ள கட்டுப்பாட்டு மையம்தான் கருவுள். கத்தி வைக்காமல், சதையை வெட்டாமல், உதிர்ந்தவற்றைக் கொண்டே புற்றுநோயைக் காண முடிகிறது என்பது அவருக்கு விளங்கியது. தம் வாழ்க்கையில் அடைந்த பெரிய மகிழ்ச்சிகளுள் அதுவும் ஒன்று எனப் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார்.

1928ஆம் ஆண்டு ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் நகரில் நடந்த ஒரு மாநாட்டில் அவர் இதை அறிவித்தார். எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புற்றுநோயை உறுதி செய்யச் சதைத் துண்டை வெட்டிப் பார்க்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாக உதிர்ந்த உயிரணுவை நம்புவானேன் என்பது நோயியல் வல்லுநர்களின் எண்ணம். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சதைத் துண்டில் உயிரணுக்கள் தம் இடத்தில் வரிசையாக இருக்கும். அண்டை அயலை வைத்து எதையும் முடிவு செய்யலாம். உதிர்ந்த உயிரணுவுக்கு அண்டை அயல் இல்லை. ஆனால், அவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. வெட்டிப் பார்க்க, முதலில் கட்டி கண்ணில் பட வேண்டும். உதிர்ந்த உயிரணுவோ கட்டி தெரிவதற்கு முன்பே செய்தி சொல்லும்.

அதே காலத்தில் ருமேனியா நாட்டின் புக்காரெஸ்ட் நகரில் ஒளரேல் பாபேஷ் என்ற மருத்துவரும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார். 1928ஆம் ஆண்டு அவர் தம் ஆய்வைப் பிரெஞ்சு மருத்துவ இதழொன்றில் வெளியிட்டார். ஒருவர் அறியாமல் மற்றவர் செய்த ஆய்வு இது. இந்தச் சோதனையின் பெருமையில் அவருக்கும் பங்குண்டு என்று பலர் கருதுகின்றனர், அது சரியானதே.

அடுத்த பத்தாண்டுகள் பாப்பனிக்கோலாவ் வேறு ஆய்வுகளில் ஈடுபட்டார். எதிர்த்தவர்களோடு அவர் வாதிடவில்லை. தகடுகளைச் சேர்ப்பதை மட்டும் விடவில்லை. ஸ்டாக்கார்டு 1939ஆம் ஆண்டு மறைந்தார். அவருக்குப் பின் துறைத் தலைவராக வந்த ஜோசப் ஹின்சி இந்த ஆய்வை மீண்டும் எடுக்குமாறு ஊக்கமளித்தார். ஹெர்பர்ட் டிராவுட் என்ற மகப்பேற்று மருத்துவரும் இணைந்தார். நியூயார்க் மருத்துவமனையின் பெண்கள் பிரிவில் சேர்க்கப்பட்டவர்களிடமிருந்து மாதிரிகள் எடுக்கப்பட்டன. நோய் இருப்பதாக யாரும் நினைத்திராத பெண்கள் சிலரிடமும் புற்றுநோய் தொடக்க நிலையில் கண்டறியப்பட்டது. 1941ஆம் ஆண்டு அவர்களின் கட்டுரையும் 1943ஆம் ஆண்டு நூலும் வெளிவந்தன. இம்முறை மருத்துவ உலகம் கேட்டது. முதல் அறிவிப்பிலிருந்து நூல் வரை 15 ஆண்டுகள். இடைப்பட்ட காலத்தில் தொடக்கத்திலேயே கண்டிருக்கக்கூடிய நோய்கள் எத்தனை முற்றிப்போயின என்பதை எண்ணினால் மனம் கனக்கிறது.

அந்நூலிலுள்ள வண்ணப் படங்களை வரைந்தவர் ஹஷிமே முராயாமா என்ற ஜப்பானிய ஓவியர். அமெரிக்காவும் ஜப்பானும் போரிட்ட காலம் அது. எதிரி நாட்டவர் என்று அவர் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார். அவரை மீட்டுக்கொள்ள மருத்துவமனை முயற்சி எடுக்க வேண்டியிருந்தது. ஒளிப்படத்தில் தெளிவாக வராத நுணுக்கங்களை அவருடைய தூரிகை காட்டியது.

வண்ணம் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உயிரணுக்கள் இயல்பில் நிறமற்றவை. அப்படியே பார்த்தால் நீரில் நீர் போலத் தெரியும். அவற்றுக்குச் சாயம் ஏற்றப் பாப்பனிக்கோலாவ் ஒரு முறையை வகுத்து 1942ஆம் ஆண்டு வெளியிட்டார். அதில் கருவுள் கருநீலமாகவும், சுற்றியுள்ள பகுதி உயிரணுவின் வகைக்கேற்ப இளஞ்சிவப்பாகவோ, ஆரஞ்சாகவோ, நீலப் பச்சையாகவோ தெரியும். தகட்டைச் சாயமேற்றுவதற்கு முன் அது காய்ந்துவிடக் கூடாது. உடனே சாராயக் கரைசலில் அமிழ்த்த வேண்டும். சில நொடிகள் தாமதித்தாலும் உயிரணு உருமாறிவிடும். இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் அவர் பெயரால் வழங்கும் இந்தச் சாயமுறையே புழக்கத்தில் உள்ளது.

இனிச் சிறுநீருக்கு வருவோம். சிறுநீரில் புற்றுநோய் உயிரணுக்கள் வரக்கூடும் என்பது புதிய செய்தியன்று. பிராக் நகரில் பணியாற்றிய லாம்பல் என்ற மருத்துவர் 1850களிலேயே அவற்றைக் கண்டு எழுதியிருந்தார். ஆனால், சரியான சாயமும் ஒழுங்கான முறையும் இல்லாததால் அது நடைமுறைக்கு வராமல் நூலகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. கருப்பை வாயிலிருந்து உதிர்பவற்றைப் படிக்க முடியுமானால், சிறுநீர்ப்பையின் உட்சுவரிலிருந்து உதிர்பவற்றை ஏன் படிக்க முடியாது என்று பாப்பனிக்கோலாவ் நினைத்தார். விக்டர் மார்ஷல் என்ற சிறுநீரக அறுவை மருத்துவரோடு சேர்ந்து, சிறுநீரில் அடியில் தங்கும் வண்டலைத் தகட்டில் பூசி ஆராய்ந்தார். 1945ஆம் ஆண்டு இருவரும் அந்த முடிவுகளை வெளியிட்டனர். சிறுநீர்ப்பையைச் சோதிக்க உள்ளே குழாய்க் கருவியைச் செலுத்துவதே அதுவரை இருந்த வழி. வலியில்லாமல், நோயாளியைப் படுக்க வைக்காமல், ஒரு குவளைச் சிறுநீரால் முதல் தடயம் கிடைக்கும் என்பது அன்று பெரிய முன்னேற்றம்.

இச்சோதனை நடக்கும் விதம் எளிமையானது. ஆனால் கவனம் தேவை. காலையில் எழுந்தவுடன் வரும் முதல் சிறுநீரைப் பொதுவாக எடுப்பதில்லை. இரவெல்லாம் பையில் ஊறிய உயிரணுக்கள் சிதைந்திருக்கும். அதற்குப் பின் வரும் புதிய சிறுநீரே ஏற்றது. சில வேளைகளில் அடுத்தடுத்து மூன்று நாள் மாதிரி கேட்பார்கள். ஒரு நாள் உதிராதது மறுநாள் உதிரலாம். மாதிரியை வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் வைப்பார்கள். சுழலும்போது கனமான உயிரணுக்கள் குழாயின் அடிக்குப் போய்ச் சேரும். மேலுள்ள நீரை வடித்துவிட்டு அடியில் உள்ளதைத் தகட்டில் பூசி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைப்பார்கள். பிறகு ஒருவர் உட்கார்ந்து தகட்டின் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான நல்ல உயிரணுக்களுக்கு நடுவே ஐந்தாறு கெட்டவை ஒளிந்திருக்கும். அரிசியில் கல் பொறுக்கியவர்களுக்கு இந்த வேலையின் பொறுமை புரியும்.

இதற்கு எல்லையும் உண்டு. வேகமாக வளரும் கொடிய புற்றுநோயின் உயிரணுக்கள் ஒன்றையொன்று உறுதியாகப் பற்றியிருப்பதில்லை. ஆகவே, எளிதில் உதிரும். எளிதில் அடையாளமும் தெரியும். மெதுவாக வளரும் வகையின் உயிரணுக்களோ நல்லவற்றைப் போலவே தோன்றி ஏமாற்றிவிடும். எனவே, சிறுநீரில் ஒன்றும் தெரியவில்லை என்ற முடிவு வந்தால் நோயே இல்லை என்று பொருளாகாது.

நிணநீர்ப் புற்றுநோய் நோயாளிகளிடத்தில் இச்சோதனை இன்னும் நுணுக்கமானது. நம் உடலில் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் நிணநீர்க் கணுக்கள் உள்ளன. நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்கள் அங்கே கூடியிருக்கும். அந்த வெள்ளணுக்களே கட்டுப்பாடின்றிப் பெருகுவதுதான் நிணநீர்ப் புற்றுநோய். ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் ஹாட்ஜ்கின் 1832ஆம் ஆண்டு இதன் ஒரு வகையை விவரித்தார். நோய் பரவும்போது சில வேளைகளில் சிறுநீரகத்தையோ சிறுநீர்ப்பையையோ எட்டிவிடும். அப்போது அந்த வெள்ளணுக்கள் சிறுநீரில் வந்து விழலாம். சிறுநீர்ப்பையின் சொந்த உயிரணுக்கள் கொத்தாகவும் உதிர்வதுண்டு. நிணநீர்ப் புற்றுநோய் உயிரணுக்களோ தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும். பெரிய உருண்டைக் கருவுளும் அதைச் சுற்றி மெல்லிய விளிம்பும் மட்டுமே தெரியும். ஆனால், சாதாரணக் கிருமித் தொற்றிலும் நல்ல வெள்ளணுக்கள் சிறுநீரில் வருவதுண்டு. ஆகவே, பார்வையை மட்டும் நம்பாமல், உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள அடையாளங்களைக் காட்டும் வேறு சோதனைகளையும் சேர்த்துச் செய்கிறார்கள். நோயின் வகையை உறுதிப்படுத்த, கணுவிலிருந்து சதை எடுத்துப் பார்ப்பது இன்றும் தேவைப்படுகிறது.

இன்னொரு சிக்கல் மருந்தால் வருவது. நிணநீர்ப் புற்றுநோய்க்கு 1950களின் இறுதியிலிருந்து கொடுக்கப்பட்டு வரும் மருந்துகளுள் சைக்ளோபாஸ்பமைடு ஒன்று. அது உடலில் சிதையும்போது உண்டாகும் ஒரு பொருள் சிறுநீரோடு பைக்குள் வந்து தங்கி, உட்சுவரை அரித்துப் புண்ணாக்கும், இரத்தம் கசியும். அப்போது உதிரும் உயிரணுக்கள் வீங்கி, கோணலாகி, பார்ப்பதற்குப் புற்றுநோய் போலவே இருக்கும். எதிர்ப்பாற்றல் குறைந்த நோயாளியின் சிறுநீர்ப் பாதையில் உறங்கிக் கிடந்த ஒரு நச்சுயிரி விழித்துக்கொண்டாலும் இதே கதைதான். கருவுள் பெருத்து, கண்ணாடிபோல் மங்கலாகித் தோன்றும். ஆய்வுக்கூடத்தார் இவற்றை ஏமாற்று உயிரணுக்கள் என்றே அழைக்கின்றனர். அந்த மருந்தை நீண்ட காலம் உட்கொண்டவர்களில் சிலருக்குப் பல ஆண்டுகளுக்குப் பின் சிறுநீர்ப்பையில் உண்மையான புற்றுநோயும் வரக்கூடும்.

ஆக, நிணநீர்ப் புற்றுநோயாளி ஒருவரின் சிறுநீர் சிவந்தால் அதற்குக் காரணம் பழைய நோயா, மருந்தா, தொற்றா, புதிய நோயா? ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. மருந்துதான் காரணம் என்றால் மருந்தை நிறுத்தவோ மாற்றவோ வேண்டும். நோய்தான் காரணம் என்றால் மருந்தைக் கூட்ட வேண்டியிருக்கும். ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிட்டால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் மாதிரியோடு அனுப்பும் தாளில் நோயாளி உண்ணும் மருந்துகளை மருத்துவர் எழுத வேண்டும் என்று ஆய்வுக்கூடம் கேட்கிறது.

சிறுநீர் சிவந்தால் உடம்புச் சூடு என்று சொல்லிப் பார்லித் தண்ணீரோ இளநீரோ குடித்துவிட்டு இருந்துவிடுவது தோட்டப்புறங்களில் நெடுநாள் வழக்கம். தண்ணீர் குடிப்பது நல்லதுதான். ஆனால், இரத்தம் வருவதற்குக் காரணம் அதனால் தெரிந்துவிடாது. சுங்கை பெசாரிலிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். இரத்த நோய்களுக்கான சிறப்பு மருத்துவமனை அம்பாங்கிலும், தேசியப் புற்றுநோய்க் கழகம் புத்ராஜெயாவிலும் உள்ளன. ஒரு நாள் கூலியை இழந்து அங்கே போய்வருவது எளிதன்று. இச்சோதனையில் முதலில் பயணம் செய்வது நோயாளியன்று, உரிய முறையில் பதப்படுத்தப்பட்ட அவருடைய மாதிரி. பாப்பனிக்கோலாவ் நம் வட்டாரத்தைப் பற்றிக் கேள்விகூடப் பட்டிருக்க மாட்டார். ஆயினும், பெரிய மருத்துவமனைக்கு எட்ட இருப்பவர்களுக்கே அவருடைய முறை மிகுதியாகப் பயன்படுகிறது.

1947ஆம் ஆண்டிலிருந்து அவர் பயிற்சி வகுப்புகளை நடத்தினார். பல நாடுகளிலிருந்து மருத்துவர்கள் வந்து, அவர் அருகில் அமர்ந்து தகடுகளைப் படிக்கக் கற்றனர். சிறுநீரோடு அவர் நிற்கவில்லை. சளி, வயிற்று நீர், மார்பகக் கசிவு என உடல் உதிர்க்கும் எல்லாவற்றையும் ஆராய்ந்தார். 1954ஆம் ஆண்டு உதிர் உயிரணுக்களின் படத்தொகுப்பு நூலொன்றை வெளியிட்டார். 1950ஆம் ஆண்டு அமெரிக்காவின் உயரிய மருத்துவ விருதான லாஸ்கர் விருது அவருக்குக் கிடைத்திருந்தது. நோபல் பரிசுக்குப் பலமுறை முன்மொழியப்பட்டும் அது கிடைக்கவில்லை. அதற்காக அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. விடுமுறை எடுக்காமல் உழைப்பதையே அவர் பெரிதாக எண்ணினார். மேரி எத்தனை முறை அழைத்தும் பயணங்களுக்கு இணங்கமாட்டாராம்.

மலேசியாவில் பேப் ஸ்மியர் சோதனை 1960களின் இறுதியில் தொடங்கப்பட்டது. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி 2010ஆம் ஆண்டிலிருந்து 13 வயது மாணவிகளுக்குப் பள்ளிகளில் போடப்படுகிறது. இன்று அந்நோய்க்கு நச்சுயிரியையே நேரடியாகத் தேடும் புதிய சோதனையும் வந்துவிட்டது. சிறுநீர் உயிரணுச் சோதனை மட்டும் ஏறத்தாழ அவரும் மார்ஷலும் செய்த வழியிலேயே இன்றும் நடக்கிறது. தகட்டைக் கணினி முதலில் பார்த்து வைக்கும் முறைகள் வந்துள்ளன. ஆயினும், ஐயத்துக்குரிய உயிரணுவை இறுதியில் ஒரு மனிதக் கண்ணே பார்த்து முடிவு சொல்கிறது.

1961ஆம் ஆண்டு, 78 வயதில், பாப்பனிக்கோலாவ் நியூயார்க்கை விட்டு மயாமி நகருக்குச் சென்றார். அங்கிருந்த புற்றுநோய் ஆய்வு நிலையத்திற்குத் தலைமை ஏற்கவே சென்றார். ஓய்வெடுக்கும் வயதில் புதிய நிலையத்தைக் கட்டியெழுப்பப் புறப்பட்டவருக்கு மூன்று மாதங்களே கிடைத்தன. 1962ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் மாரடைப்பால் காலமானார். அந்நிலையத்திற்குப் பின்னர் அவருடைய பெயரே சூட்டப்பட்டது. கிரேக்க நாடு தன் 10,000 திராக்மா நாணயத்தாளில் அவருடைய உருவத்தை அச்சிட்டது. யூரோ நாணயம் வரும்வரை அது புழக்கத்தில் இருந்தது. மேரி மயாமியிலேயே தங்கி, கணவரின் பெயரிலான அந்த நிலையத்தின் பணிகளுக்குத் துணையாக இருந்தார். கணவர் மறைந்து இருபது ஆண்டுகள் கழித்து, 1982ஆம் ஆண்டு அவரும் இறந்தார்.